நெருப்பெரிச்சல் மாடியில் ஒரு மர அறை

1

இங்கே மரத்துக்குப் பஞ்சமில்லை. ஜன்னலைத் திறந்தால் ஊசியிலைக் காடு. மூடினால் அதே காட்டிலிருந்து வந்த பலகைச் சுவர். பின்லாந்தில் ஒரு ஏரிக்கரைச் சிற்றூரில், மரத்தால் கட்டடம் கட்டச் சொல்லித் தருவது என் பிழைப்பு. பனியன் ஊரில் பிறந்தவனுக்கு இப்படி ஒரு பிழைப்பு வாய்க்கும் என்று என் ஜாதகத்தைப் பார்த்த யாரும் சொல்லவில்லை.

காலையில் பட்டறைக்குள் நுழையும்போது மாணவர்கள் ரம்பம் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். மரத்தூள் கிளம்பி, விளக்கு வெளிச்சத்தில் சற்று நேரம் மிதந்து, என் கோட்டின் தோளில் வந்து உட்காரும். தட்டிவிடக் கை போகும்போது ஒரு நொடி குழம்பிவிடுவேன். நிட்டிங் மெஷின்கள் ஓடும் கொட்டகையில் பஞ்சுத் தூசி இப்படித்தான் அவசரமில்லாமல் இறங்கும். வேலை முடிந்து வரும் அப்பாவின் புருவம் வெளுத்திருக்கும். அந்த ஒரு நொடி எந்த ஊரில் நிற்கிறேன் என்பது எனக்கே தெரியாது. தெரியாமல் இருப்பது சுகமாகவும் இருக்கும். பிறகு யாராவது கதவைத் திறப்பார்கள், குளிர் உள்ளே வரும், ஊர் தெரிந்துவிடும்.

என் வகுப்பில் மூன்று வகை ஆட்கள். கட்டடக்கலை படிப்பவர்கள், பொறியியல் படிப்பவர்கள், கட்டுமான நிர்வாகம் படிப்பவர்கள். படித்து முடித்தபின் ஒருவரை ஒருவர் திட்டியே காலம் தள்ளப்போகிறவர்கள். அதற்கு முன் ஒரு சின்ன மரக்கட்டடத்தையாவது மூவரும் சேர்ந்து கட்டட்டும் என்பதுதான் பாடம். மூவருக்கும் ஒரே வரைபடத் தாள். ஒருவர் போட்ட கோட்டின்மேல் மற்ற இருவரும் கைவைக்காமல் அந்தத் தாள் சுவரில் ஏறாது. இதுதான் என் சட்டம். அதை ஒவ்வொரு வருஷமும் ஏமாற்றிவிடுவார்கள். "என் பகுதி முடிந்தது" என்பார்கள், என்னவோ பெரிய சாதனை போல.

திருப்பூர்க்காரனுக்கு இது புதிதா என்ன? எங்கள் ஊரில் நூல் ஒரு இடம், நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், கட்டிங் ஒரு இடம். ஒரு பனியனுக்குள் எத்தனையோ பேருடைய "என் பகுதி முடிந்தது" இருக்கும். ஆனால் கட்டடம் பனியன் இல்லை. தப்பாகிப்போனால் செகண்ட்ஸ் என்று ஒதுக்கிவிட முடியாது.

2

என் அக்கா சரஸ்வதி திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் ஒரு சின்ன ஸ்டிச்சிங் யூனிட் நடத்துகிறாள். இரண்டாயிரங்களின் பின்பாதியில், ஊருக்குள் எங்கே பார்த்தாலும் பவர்கட் பற்றியே பேச்சாக இருந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, நீ மரத்துலதான ஊடு கட்டச் சொல்லித் தர்றே? எங்க மொட்டை மாடில ஒரு ரூம்பு போட்டுக்குடு, பாக்கலாம்" என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. யூனிட்டில் வேலை செய்யும் பெண்களின் கைக்குழந்தைகளுக்கு ஒரு அறை வேண்டும். கீழே இடமில்லை. மேலே செங்கல் வைத்துக் கட்டலாம் என்றால், பழைய கட்டடம், தூண் தாங்காது என்று உள்ளூர் இன்ஜினியர் கைவிரித்துவிட்டார். மரம் லேசானதாயிற்றே என்று அவளுக்காகவே தோன்றியிருக்கிறது.

"அப்படி என்னக்கா அவசரம்?"

"ஜெயராணி இருக்கறாளல்ல. அவ புள்ளைய ஊருக்கு அனுப்பப் போறாளாமா."

ஜெயராணி அக்காவிடம் பல வருஷமாக வேலை பார்க்கும் டெய்லர். நாசரேத் பக்கத்துக்காரி. கணவன் ஒரு டையிங்கில், சாயப்பட்டறையில், இருக்கிறான். லைன் வீட்டில் ஒற்றை அறை, இருவருக்கும் ஷிப்ட், பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. முதல் குழந்தை ஸ்டெல்லாவைப் பால்குடி மறந்ததும் ஊருக்கு அனுப்பினார்கள். கணவனின் அக்கா, ஜெயராணிக்கு மதினி, அவர்தான் வளர்க்கிறார். ஸ்டெல்லாவுக்கு இப்போது ஏழு வயது. மதினியைத்தான் அம்மா என்கிறது. கிறிஸ்துமஸுக்குப் போகும் ஜெயராணியைப் பார்த்தால் விருந்தாளி வந்ததுபோல் எழுந்து நிற்கிறது.

இப்போது இரண்டாவது பிள்ளை, ரூபன். முழுப்பரீட்சை லீவுக்கு மதினி வந்து அவனையும் கூட்டிப்போவதாகப் பேச்சு.

"இதையும் அனுப்பிட்டா அவ தாங்க மாட்டா தம்பி. மிசின்ல உக்காந்துட்டே அழுவறா. துணியெல்லாம் நனையுது, நான் என்னன்னு சொல்றது?" என்றாள் அக்கா.

அந்த வருஷம் என் வகுப்புக்கு எந்தக் கட்டடத்தைக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். யோசனை அங்கேயே முடிந்துவிட்டது.

3

வகுப்பு உற்சாகமாகத் தொடங்கியது. ஐனோ என்ற கட்டடக்கலை மாணவி வரைந்து தள்ளினாள். மேற்கே ஒரு பெரிய ஜன்னல், மாலை வெயிலைப் பிடிக்க. பக்கத்தில் திறந்த தாழ்வாரம், குழந்தைகளைக் காற்றில் தூங்கவைக்க. உள்ளே வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டில்கள். அழகான படம். நானும் தலையை ஆட்டினேன்.

ஏன் ஆட்டினேன் என்று சொல்ல வேண்டும். இந்த நாட்டில் பகல் தூக்கத்துக்குக் கைக்குழந்தையைப் போர்த்தித் தள்ளுவண்டியில் வைத்து, வெளியே பனியில் நிறுத்திவிடுவார்கள். குளிர்காற்றில் நன்றாகத் தூங்குமாம். என் மகள் மதி அப்படித் தூங்கி வளர்ந்தவள். முதல் நாள் என் மனைவி ஜன்னலைவிட்டு நகரவே இல்லை, கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம் பழகிவிட்டது. பழகியது அவளுக்கு மட்டுமில்லை. வெயில் என்றால் தேடிப்போய்ப் பிடிக்க வேண்டிய ஒன்று என்று என் தலைக்குள்ளும் எப்போதோ மாறிப்போயிருக்கிறது.

படத்தை அக்காவுக்கு அனுப்பினேன். பிரௌசிங் சென்டரில் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். "மேக்க வெயிலு உள்ள வந்தா புள்ளைக கருவாடாயிரும் தம்பி. நீ இந்த ஊர்லதான பொறந்தே?" என்றாள். ஜன்னல் கிழக்கே போனது. தாழ்வாரம் மறைந்தது. ஐனோ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதற்குள் பல்கலைக்கழக அலுவலகம் குறுக்கே வந்தது. வெளிநாட்டில் மாணவர்கள் கட்டடம் கட்டுவதென்றால் கணினியில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். கூரைமேல் எவ்வளவு பனிச்சுமை என்று ஒரு கட்டம். பூஜ்யம் போட்டேன். சிவப்பாகிவிட்டது. அலுவலகத்துக்குப் போய், எங்கள் ஊரில் பனி பெய்யாது என்றேன். அங்கே இருந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பூஜ்யத்தை இது ஏற்காது. இருப்பதிலேயே குறைந்த அளவைப் போடுங்கள்" என்றார். போட்டேன்.

ஆக, எங்கள் பல்கலைக்கழகத்து ஆவணப்படி நெருப்பெரிச்சலில் லேசாகப் பனி பெய்கிறது. சில மதியங்களில் அதை நினைத்துப் பார்ப்பேன். தண்ணீர் லாரி நிற்கும் முக்கில், டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியின்மேல், பீஸ் மூட்டையை முன்னால் வைத்துக்கொண்டு போகும் மொபெட்டின்மேல் பனி விழுகிறது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லோருக்கும் ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது.

4

பங்குனி வெயிலில் மூன்று மாணவர்களோடு போய் இறங்கினேன். ஐனோ, பொறியியல் படிக்கும் மிக்கோ, கட்டுமானம் படிக்கும் ஹெய்க்கி. மிக்கோ உத்தரத்தில் முட்டும் உயரம், பேச்சு மட்டும் குறைவு. வந்த மறுநாளே "ஆமாங்க" என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு டீக்கடைக்காரரிலிருந்து தெருநாய் வரை எல்லோரிடமும் அதையே சொன்னான். அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு நான் மாட்டிக்கொண்டேன். பின்லாந்து மொழியில் ஆமாம் என்பதற்கு "யோ" என்பார்கள். "சாப்படறயா?" என்று அக்கா கேட்க, வாய்ப்பழக்கத்தில் "யோ" என்றேன். "யாரைடா யோங்கறே?" என்று கரண்டியை ஓங்கினாள்.

வரைபடங்களை மேஜையில் விரித்தோம். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள். பிறகு மூவரையும் பார்த்து மரியாதையாகக் கேட்டாள்.

"படமெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. சாம்பிள் எங்கீங்க?"

நான் மொழிபெயர்த்தேன். ஐனோ அட்டையில் செய்த சின்ன மாதிரியை எடுத்து வைத்தாள். அக்கா அதைக் கொலு பொம்மையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"இதுல யாரு நுழையறது? தம்பி, ஒரு பனியனுக்கே சாம்பிள் தெச்சு, பையர் இழுத்துப் பாத்து, துவைச்சுப் பாத்து, இது நொட்டை அது நொட்டைன்னு சொல்லி, அப்பறந்தான் கட்டிங் போடறோம். ஊட்டுக்கு மட்டும் வேண்டாமா?"

நியாயமான கேள்வி. திருப்பூரில் சாம்பிள் அப்ரூவல் இல்லாமல் யாரும் கத்திரியை எடுப்பதில்லை. எனக்கு வகுப்பில் இத்தனை வருஷம் இது தோன்றாமல் போனதுதான் ஆச்சரியம். ஹெய்க்கிக்கு உடனே பிடித்துப்போயிற்று. அறையில் ஒரு மூலையை மட்டும் முழு அளவில் மாடிமேல் கட்டிக் காட்டுவது என்று முடிவானது. மரக்கடை இப்ராகிம் பாயிடம், தூத்துக்குடியில் வந்திறங்கிய பைன் பலகைகள் கிடைத்தன. உள்ளூர் ஆசாரி ஒருவர் துணைக்கு வந்தார். தூண்கள், பலகைகளைச் சேர்த்து போல்ட் போட்ட உத்தரம், அதன் அடியில் வெயிலைத் தடுக்கும் கூரைப்பலகை, ஒரு துண்டுச் சுவர். காலி மாடியில் அது எங்கிருந்தோ மிதந்து வந்து தங்கிய வீட்டின் மூலைபோல் நின்றது.

டீ இடைவேளையில் அக்கா டெய்லர் பெண்களை மேலே அனுப்பினாள். ஆளுக்குக் கொஞ்சம் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள். செக்கிங்கில் குறையுள்ள இடத்தில் ஒட்டுவார்களே, அவைதான். "எங்க சரியில்லையோ அங்க ஒட்டுங்க" என்றாள்.

ஒட்டினார்கள். ஜன்னல் கம்பிக்கு நடுவே பிள்ளை தலையை விடும், ஒரு அம்பு. பலகையில் சிலும்பு, இரண்டு மூன்று அம்புகள். மிக்கோவின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. அவன் போல்ட்மேலேயே ஒருத்தி ஒட்டிவிட்டாள், பிள்ளையின் நெற்றி இடிக்குமாம்.

கடைசியாக ஜெயராணி வந்தாள். ஒடிசலான பெண். இடுப்பில் ரூபன். அவள் சுவரைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. நடுவில் நின்று அண்ணாந்து கூரைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது.

"என்னம்மா?" என்றேன்.

"தொட்டில் எங்க கட்டுறது அண்ணாச்சி?"

5

எனக்கு முகம் சூடாகிவிட்டது. பிள்ளைகளுக்கென்று ஒரு அறை, தமிழ்நாட்டில், அதில் சேலைத் தொட்டில் கட்ட இடமில்லை. உத்தரம் முழுவதையும் பலகை போட்டு வழவழவென்று மூடிவைத்திருக்கிறோம். ஐனோ வரைபடத்தில் இருந்த கட்டில்களைக் காட்டினாள்.

ஜெயராணி மரியாதையாகப் பார்த்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "கீழ கிடந்தா தூங்க மாட்டான் அண்ணாச்சி. தொட்டில்னா யாராவது ஒருத்தவ வந்து லேசா ஆட்டிவிட்டாப் போதும், கிடந்திருவான். எங்க மதினி வந்து இதையெல்லாம் பாப்பாவ. பிள்ளை தூங்க ஒரு தொட்டில்கூட இல்லாம இங்க என்னத்துக்கு வச்சிருக்கன்னு கேப்பாவ. கேட்டா நான் என்ன சொல்ல?"

நாற்காலியைப் போட்டு ஏறி, அவள் கையிலிருந்த ஸ்டிக்கரை வாங்கிக் கூரைப்பலகையில் ஒட்டினேன்.

சின்ன விஷயம்தான். ஆனால் மூவரின் வேலையையும் குலைத்துப்போட்டது. உத்தரம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் பலகை உத்தரத்துக்கு மேலே போக வேண்டும், ஐனோவின் வழவழப்பான கூரை போய்விடும். தொட்டில் ஆடும்போது உத்தரத்தைப் பக்கவாட்டில் இழுக்கும், வரிசையாகக் கட்டினால் எல்லாம் சேர்ந்து இழுக்கும், மிக்கோ கணக்கை மறுபடி போட வேண்டும். இனி பலகை முதலில், கூரைத் தகரம் பிறகு என்று கட்டும் வரிசை தலைகீழாகும், ஹெய்க்கி ஆசாரியிடம் சொன்னதையெல்லாம் திரும்பப் பெற வேண்டும். விமானம் ஏறும் நாளோ நெருங்கிவிட்டது. பரீட்சை லீவும்தான்.

வகுப்பாக இருந்திருந்தால் ஒரு வாரம் மின்னஞ்சலில் சண்டை நடந்திருக்கும். இங்கே கரண்ட் வேறு இல்லை. மூவரும் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் தரையில் உட்கார்ந்தார்கள். ஒரே ஒரு தாள்தான் இருந்தது. ஐனோ கோடு போட்டாள், மிக்கோ அவள் கையிலிருந்து பென்சிலை வாங்கி உத்தரங்களுக்கு நடுவே குறுக்குக் கட்டைகள் போட்டான், ஹெய்க்கி அதில் ஒன்றை அடித்துவிட்டு வேறு இடத்தில் போட்டான். சேலை அறுந்துவிடாமல் உத்தரத்தின் கீழ் விளிம்பை உருட்ட வேண்டும் என்றாள் ஐனோ. எவ்வளவு உருட்டலாம் என்றான் மிக்கோ. எந்த உளியால் என்றான் ஹெய்க்கி. யாரும் "என் பகுதி" என்று சொல்லவில்லை. நான் சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. வாத்தியார் வேலையில் அதைவிடச் சந்தோஷம் எனக்குக் கிடைத்ததில்லை.

அறை முழுசாக எழுந்த அன்று மிக்கோ சோதனை செய்ய வேண்டும் என்றான். மணல் மூட்டை தேடினோம், கிடைக்கவில்லை. ஜெயராணி தன் பழைய சேலையைக் கொண்டுவந்து உத்தரத்தில் வீசி, முடிச்சுப்போட்டு, இழுத்துப் பார்த்தாள். மிக்கோ செருப்பைக் கழற்றிவிட்டு அதற்குள் ஏறிப் படுத்துவிட்டான். கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஹெய்க்கி உத்தரத்தின் பக்கத்தில் ஏணிமேல் நின்று அது அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். ஜெயராணி தயங்கித் தயங்கி ஒரு ஆட்டு ஆட்டினாள். பிறகு இன்னொன்று.

கீழே மிஷின்களின் சத்தம் பலகை வழியாக மெத்தென்று வந்துகொண்டிருந்தது. கிழக்கு ஜன்னலில் காற்று. புது மரத்தின் வாசனையும் புதுத் துணியின் வாசனையும் கலந்து, எனக்கு இரண்டு ஊரும் ஒன்றாகிப்போன மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் சேலைக்குள்ளிருந்து குறட்டை வந்தது.

"பாவங்க, எழுப்பாதீங்க" என்றாள் அக்கா. பெண்கள் ஒவ்வொருவராகச் சத்தமில்லாமல் படி இறங்கினார்கள்.

6

திரும்பி வந்தபோது ஏரியில் பனிக்கட்டி உருகத் தொடங்கியிருந்தது. சமையலறை மேஜையில் உட்கார்ந்து மதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் தமிழில் சொல்வேன், அவள் இந்த ஊர் மொழியில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் எப்போதோ அப்படி ஆகிவிட்டது. பதினாறு வயது. இப்போதெல்லாம் பதிலும் குறைந்து வருகிறது. மிக்கோ தூங்கிய கதைக்குச் சிரித்தாள். அதுவே எனக்குப் பெரிய வரவு.

"ரூபன் இருந்துவிடுவான் என்று நினைக்கிறேன்" என்றேன். "அவன் இருந்துவிட்டால், லீவுக்கு வரும் ஸ்டெல்லாவையும் அம்மாவோடு வைத்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடம் பக்கத்தில்தான். அக்காவிடம் பேசிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்."

மதி கோப்பையை மேஜைமேல் சுழற்றினாள்.

"ஸ்டெல்லாவிடம் யாராவது கேட்டீர்களா?" என்றாள்.

"அம்மாவோடு இருக்க எந்தப் பிள்ளைக்குக் கசக்கும்?" என்றேன்.

அவள் தோளைக் குலுக்கிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். உள்ளே என்ன பாட்டு ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. கேட்டால் சொல்வாளாக இருக்கும். நான் கேட்கவில்லை.

7

பரீட்சை லீவில் மதினி வந்தார். அன்று நடந்ததை மறுநாள் அக்கா தொலைபேசியில் சொன்னாள்.

பிள்ளையைக் கூட்டிப்போக என்று புதுத் தொப்பியெல்லாம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார் மதினி. கூடவே ஸ்டெல்லா. ஜெயராணி ஒன்றும் வாதாடவில்லை. இருவரையும் மாடிக்குக் கூட்டிப்போனாள். ரூபன் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். மற்ற உத்தரங்களிலும் தொட்டில்கள். மதினி அண்ணாந்து பார்த்தார், உத்தரத்தைத் தட்டிப் பார்த்தார், தொட்டிலை மெல்ல ஆட்டினார். வெகுநேரம் ஆட்டிக்கொண்டே நின்றாராம்.

"சரி ராணி. இவன் இங்கனயே கிடக்கட்டும்" என்றார்.

ஜெயராணிக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே ஸ்டெல்லாவின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "நீயும் எங்கூட இருக்கியாட்டி? இங்கன பள்ளிக்கூடத்துல சேத்துவிடுதேன். தம்பி இருக்கான், சேந்து விளையாடலாம்" என்றாள்.

ஸ்டெல்லா தம்பியைப் பார்த்தாள். மதினியைப் பார்த்தாள். அவர் கையை விடவேயில்லை.

"அப்ப அம்மாகூட யாரு ஊருக்குப் போவா?" என்றாள்.

யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. சாயங்காலம் ஜெயராணியே பஸ் ஸ்டாண்டுக்குப் போய், முறுக்கு வாங்கிக் கொடுத்து, ஜன்னலோரம் உட்கார வைத்து, இருவரையும் ஏற்றிவிட்டு வந்தாள்.

அறை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"ரூம்புக்கென்ன தம்பி, நல்லாத்தான் இருக்குது. அல்லாரும் வந்து பாத்துட்டுப் போறாங்க" என்றாள் அக்கா. "ஜெயராணி பஸ் ஏத்தி உட்டுட்டு வந்து, மூஞ்சியக் கழுவிட்டு மிசின்ல உக்காந்தா. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. 'ஸ்டெல்லா பொறந்தப்பவே இதக் கட்டியிருக்கக் கூடாதாக்கா'ன்னா."